கிழிந்த சட்டைக்கு விலைச்சீட்டு: பங்க் கலகமா, கடைச்சரக்கா?

நூலேணி | வெள்ளி, இரவு 9.12

கல்லூரிக் காலத்திலிருந்து பங்க் இசை, அதாவது 1970களில் கிளம்பிய அந்தக் கரடுமுரடான ராக், கேட்டு வருகிறேன். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இன்று கேட்டே விடுகிறேன்.

போன வாரம் ஓர் இணையக் கடையில் கறுப்பு ஜாக்கெட் ஒன்றைப் பார்த்தேன். தோளில் வரிசையாக ஸ்டட் எனும் உலோகக் குமிழ்கள், மார்பில் 8 ஊக்கு, முதுகில் அளவெடுத்துக் கிழித்த கிழிசல். எல்லாம் தயாராக வருகிறது, நாம் பணம் கட்டினால் போதும். பார்த்ததும் மனசு கசந்துவிட்டது.

சரி, இது இன்றைய வியாபாரம், தொடக்கத்தில் இப்படி இருந்திருக்காது என்று பழைய கதையைப் புரட்டினால் அங்கேயும் ஒரு துணிக்கடைதான் நிற்கிறது. லண்டன், கிங்ஸ் ரோடு, 430ஆம் எண். மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் 1971இல் தொடங்கியது. பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1974இல் 'செக்ஸ்', 1976 கடைசியில் 'செடிஷனரீஸ்'. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பெயருக்குள்ளேயே கடையின் பெயர் இருக்கிறது. குழுவில் பேஸ் வாசித்த க்ளென் மேட்லாக் சனிக்கிழமைகளில் அங்கே வேலை பார்த்தவர். பாடகர் ஜான் லைடன் கடைக்கு வந்துபோன பையன். பிங்க் ஃப்ளாய்ட் டி-சர்ட்டில் 'வெறுக்கிறேன்' என்று தன் கையாலேயே எழுதிப் போட்டிருந்ததால் கண்ணில் பட்டார். 1975இல் ஜூக்பாக்ஸ் பாட்டுக்குக் கூடவே பாடச் சொல்லிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். மேனேஜர் யார் என்றால் கடை முதலாளி மெக்லாரன்.

அப்படியானால் இளைஞர் கலகம் என்று நாம் கொண்டாடுவது ஒரு துணிக்கடையின் விளம்பரத்தையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

கடைசிபெஞ்சு | வெள்ளி, இரவு 10.05

கடை இருந்தது உண்மை, மெக்லாரன் வியாபாரி என்பதும் உண்மை. ஆனால் கதை அந்தக் கடையோடு முடிந்திருந்தால் இன்று நீங்களும் நானும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

1976 ஜூன் 4ஆம் தேதி மான்செஸ்டருக்குப் போங்கள். ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்று இரண்டு பையன்கள், செக்ஸ் பிஸ்டல்ஸைத் தங்கள் ஊரில் வாசிக்க வைக்க வேண்டும் என்று ஒரு சின்ன அரங்கை வாடகைக்கு எடுத்தார்கள். லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால். டிக்கெட் 50 பென்ஸ். வந்தது சில டஜன் பேர்தான். அதில் ஒருவர் பீட்டர் ஹுக். மறுநாளே போய் பேஸ் கிட்டார் வாங்கினார். வாசிக்கத் தெரியாது, அப்புறம்தான் கற்றுக்கொண்டார். அவரும் கூட வந்திருந்த பெர்னார்ட் சம்னரும் சேர்ந்து பின்னாளில் ஜாய் டிவிஷன் குழு ஆனார்கள். தி ஃபால் குழுவின் மார்க் ஈ. ஸ்மித் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஏற்பாடு செய்த இருவரும் பஸ்காக்ஸ் குழு ஆனார்கள். அந்த ராத்திரி மெக்லாரன் அவர்களுக்கு ஒரு சட்டைகூட விற்கவில்லை.

அந்தக் காலத்து ராக் இசை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இது புரியும். பெரிய குழுக்களுக்கு லாரி லாரியாகக் கருவிகள், ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும், கிட்டார் சோலோ முடியவே முடியாது. கேட்பவனுக்கு வியப்பு வரும், ஆனால் 'நானும் இதைச் செய்யலாம்' என்று தோன்றவே தோன்றாது. வெளியே பிரிட்டன் சர்வதேச நிதியத்திடம் கடனுக்குக் கை நீட்டி நிற்கிறது, வேலையில்லாதவர்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பள்ளி முடித்த பிள்ளைக்குப் போக இடமில்லை. அந்த நேரத்தில் நியூயார்க் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பம் வருகிறது: 14 பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட இல்லை. கேட்ட பிள்ளைகளுக்கு முதலில் வந்தது துணிச்சல், ரசனை அப்புறம்.

சைடுபர்ன்ஸ் என்ற ரசிகர் சிற்றிதழில் 1977 தொடக்கத்தில் ஒரு படம் வந்தது. பலர் ஸ்னிஃபின் க்ளூ என்ற இன்னொரு சிற்றிதழில் வந்ததாகத் தவறாக எழுதுகிறார்கள். மூன்று கிட்டார் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), விரல் வைக்க வேண்டிய புள்ளிகளோடு. இது ஒன்று, இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி குழு ஆரம்பி என்று கையெழுத்தில். நான் கிட்டார் பிடித்ததே அந்தப் படத்தைப் பார்த்துதான். அதற்கு முன் இரண்டு வருடம் வாசிக்க ஆசைப்பட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வடகரை | வெள்ளி, இரவு 10.31

லண்டனுக்கு முன்னால் நியூயார்க் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பவரி தெருவில் சிபிஜிபி என்ற மதுக்கூடம் 1973 டிசம்பரில் திறந்தது. ரமோன்ஸ் அங்கே 1974இல் ஏறினார்கள். கிழிந்த சட்டை, ஊக்கு, குத்திட்ட முடி, இதெல்லாம் ரிச்சர்ட் ஹெல் அங்கே சாதாரணமாகப் போட்டுத் திரிந்தது. மெக்லாரன் 1975இல் நியூயார்க் டால்ஸ் குழுவோடு அங்கே இருந்தபோது பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

மழைக்குருவி | சனி, காலை 6.40

இசையைப் பற்றி உங்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. துணியைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்தேன். 11 வருடம் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தைத்தேன், இப்போது வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கிறேன்.

நூலேணி, நீங்கள் பார்த்தது போன்ற கிழிசலை நான் போட்டிருக்கிறேன். என் கையால். டி-சர்ட் ஆர்டர் அது. பையர் அனுப்பிய சாம்பிள் பீஸ் மேஜையில் இருக்கும். காலரிலிருந்து இத்தனை செ.மீ. கீழே, இத்தனை செ.மீ. நீளம் என்று தாளில் அளவு போட்டிருக்கும். சாக்பீஸால் குறி வைத்து, கத்தியால் கீறி, விரலால் நெம்பி, பிசிறு எவ்வளவு தொங்க வேண்டுமோ அவ்வளவு இழுத்துவிட வேண்டும். செக்கிங்கில் அளவு நாடா வைத்துப் பார்ப்பார்கள். கிழிசல் அரை செ.மீ. தள்ளிப் போயிருந்தால் பீஸ் ரிஜெக்ட். எங்கள் லைனில் ஒரு பெண் ஒரே நாளில் 9 பீஸ் ரிஜெக்ட் ஆகி அழுதாள். தப்பாகக் கிழித்ததற்காக அவளுக்குக் கூலி பிடித்தார்கள்.

அதனால் இந்த வகைச் சட்டை என்றாலே எனக்கு வெறுப்பு. ஆனால் கடைசிபெஞ்சு எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி 1976, 77 உடுப்புகளின் படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்கம் போய்விட்டது. இது வேறு என்று எனக்குப் பட்டது.

எங்கள் தொழிலில் முதல் பாடமே மறைப்பதுதான். தையலை உள்ளே தள்ளு, பிசிறை ஓவர்லாக் போட்டு மூடு, ஜிப் தெரியாமல் மடிப்பு வை. போடுகிறவருக்கு இதை ஒரு மனுஷி உட்கார்ந்து தைத்தாள் என்ற நினைப்பே வரக்கூடாது. அந்தப் படங்களில் எல்லாம் தலைகீழ். தையல் வெளியே. ஜிப் பளிச்சென்று குறுக்கே ஓடுகிறது. விற்காமல் கிடந்த பழைய சட்டைகளை எடுத்து, கையால் பட்டை பட்டையாகச் சாயம் பூசி, மேலே துண்டுத் துணி ஒட்டுப்போட்டு, எழுத்து அச்சடித்திருக்கிறார்கள். மஸ்லின் சட்டை ஒன்று, கை நீளம் விரலைத் தாண்டித் தொங்குகிறது, நெசவு அவ்வளவு தளர்ச்சி, கட்டோரம் எல்லாம் அப்படியே பச்சையாக விட்டிருக்கிறது. பேண்ட்டில் இரண்டு முழங்காலையும் இணைத்து ஒரு வார். ஊக்கு எதற்கு? தையல் வர வேண்டிய இடத்தில் தையலுக்குப் பதில் ஊக்கு. பார்த்ததும் 'இதை நானே செய்வேன்' என்று யாருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றியது.

வெஸ்ட்வுட் அம்மா முதலில் தொடக்கப் பள்ளி ஆசிரியை என்று படித்தேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கத்தரித்து ஒட்டக் கற்றுக்கொடுத்த கை அது என்று நினைத்துக்கொண்டேன்.

நூலேணி | சனி, காலை 9.20

மழைக்குருவி அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அந்த ஜாக்கெட்டின் கிழிசலுக்குப் பின்னால் ஒருத்தி அளவு நாடாவோடு நின்றிருப்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஆனால் இரண்டு விஷயம் இன்னும் இடிக்கிறது. ஒன்று, அந்தக் கடையில் விலை அதிகம், வேலையில்லாத பையன் வாங்கக்கூடியதில்லை. இரண்டாவது எனக்கு ரொம்ப முக்கியம். ஸ்வஸ்திகா. நாஜிச் சின்னத்தை செக்ஸ் பிஸ்டல்ஸின் சிட் விஷியஸ் போட்டார், பாடகி சூசி சூ கைப்பட்டையாகக் கட்டினார், கடையிலேயே அந்தச் சின்னம் அச்சிட்ட சட்டை விற்றது. அப்பா அம்மாவின் போர்க்காலப் பெருமையைச் சீண்டத்தான் போட்டோம் என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி | சனி, மாலை 5.48

தம்பி நூலேணி, இதற்குப் பதில் எழுத எனக்குக் கடமை உண்டு என்று நினைக்கிறேன். நான் 1977இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தவன். பகலில் படிப்பு, இரவில் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. அப்போது எங்கட ஆட்கள் நிறையப் பேருக்கு அதுதான் வேலை.

உங்களுக்குப் போதாதது எனக்கும் போதாது. கடைசிபெஞ்சு சொன்ன 1976 ஜூன் 4 இருக்கிறதே, அதே நாளில்தான் லண்டன் சவுத்தாலில் குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயதுப் பையனைக் குத்திக் கொன்றார்கள். நிறம்தான் காரணம். அடுத்த வருடம் லண்டன் நகரசபைத் தேர்தலில் இனவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட் ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியது. அப்படிப்பட்ட ஊரில் அந்தச் சின்னத்தைப் போட்டுக்கொண்டு ஒருவர் ரயிலில் ஏறினால், அவர் அம்மாவைச் சீண்டப் போட்டிருக்கிறாரா, என்னை அடிக்கப் போட்டிருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அடுத்த பெட்டிக்கு மாறுவேன். பல நாள் மாறியிருக்கிறேன். அந்தத் தவறை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன்.

ஆனால் மறுபக்கமும் எனக்குத் தெரியும். 1976 ஆகஸ்டில் ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதற்குப் பதிலாக 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற இனவெறி எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. 1978 ஏப்ரல் 30ஆம் தேதி டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பார்க் வரை ஊர்வலம் போய், அங்கே க்ளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், ஸ்டீல் பல்ஸ் குழுக்கள் எல்லாம் வாசித்தார்கள். பல்லாயிரம் பேர். வெள்ளைப் பிள்ளைகள் எங்களுக்காகவும் நடக்கிறார்கள் என்று முதல் முறை கேள்விப்பட்டது அன்றுதான். எனக்குப் போகப் பயம், அறையிலேயே இருந்துவிட்டேன். இன்றும் வருத்தம்.

ஒரு பெடியனைப் பற்றிச் சொல்கிறேன். 1979 கடைசி, இரவு ஒரு மணி இருக்கும், சரியான மழை. வெளி விளக்கின் கீழே ஒருவன் நிற்கிறான். தலைமுடி முள்ளு முள்ளாக. நான் கதவைப் பூட்டிவிட்டேன். அவன் கண்ணாடியில் தட்டினான், கண்ணை மூடிக்கொண்டே. பிறகுதான் விளங்கியது: முடி நிற்கச் சோப்பைக் குழைத்துப் பூசியிருக்கிறான், மழையில் அது கரைந்து வெள்ளை நுரையாக நெற்றி வழியே கண்ணில் இறங்குகிறது. குழந்தை மாதிரி இரண்டு கையாலும் கண்ணைக் கசக்குகிறான். கதவைத் திறந்து கண்ணாடி துடைக்கும் நீலப் பேப்பரை ஒரு கட்டுக் கொடுத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் 16 வயதுகூட இருக்காது. ஜாக்கெட்டில் ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசத்தின் நட்சத்திர பேட்ஜ். அடுத்த தெருவில் நாலு பேர் துரத்தினார்களாம், உடுப்பைப் பார்த்து. விடியும் வரை ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தான். எந்த ஊர் என்று கேட்டான், நான் சொன்னேன். எங்கே இருக்கிறது என்று கேட்டான், பில் புத்தகத்தின் பின்னால் இந்தியாவும் இலங்கையும் கீறிக் காட்டினேன்.

என்னைத் துரத்துபவர்களும் அவனைத் துரத்துபவர்களும் ஒரே ஆட்கள் என்று அன்று இரவுதான் எனக்கு விளங்கியது. எனக்கு நிறத்தைக் கழற்ற வழியில்லை. அவனுக்கு ஜாக்கெட்டைக் கழற்ற வழி இருந்தது, கழற்றவில்லை.

வடகரை | சனி, மாலை 6.30

அண்ணா எழுதியது மிகை இல்லை என்பதற்குச் சில விவரங்கள். 1977 மே கடைசியில் 'காட் சேவ் தி குயின்' வெளியானது, ராணியின் வெள்ளி விழாக் கொண்டாட்ட நேரம். பி.பி.சி. தடை செய்தும் பட்டியலில் 2ஆம் இடத்துக்கு வந்தது. அடுத்த மாதம் லைடனைத் தெருவில் கத்தியோடு தாக்கினார்கள். டிரம்மர் பால் குக்கை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அந்தக் கோடையில் கிங்ஸ் ரோட்டில் சனிக்கிழமை தோறும் டெட்டி பாய்ஸ் என்ற, 50களின் பாணியில் உடுத்தும் இளைஞர் கூட்டம் பங்க் பிள்ளைகளைத் தேடித் தேடி அடித்தது. அதற்கு முன் 1976 டிசம்பரில், டிவி நேரலையில் கெட்ட வார்த்தை பேசியதற்காகச் செக்ஸ் பிஸ்டல்ஸின் கச்சேரிகளில் பெரும்பாலானவற்றை ஊர் ஊராக ரத்து செய்தார்கள். வேல்ஸின் கேர்ஃபிலியில் கச்சேரி நடந்தபோது வெளியே ஊர் மக்கள் கூடி நின்று ஜெபம் செய்து கிறிஸ்துமஸ் பாடல் பாடினார்கள்.

இன்னொன்று: படங்களில் வரும், பக்கங்களை மழித்து நடுவில் மட்டும் நிறுத்திய உயரமான மொஹாக் முடி 1976இல் கிடையாது. அது 80களின் தொடக்கத்தில் எக்ஸ்ப்ளாய்ட்டட் போன்ற குழுக்களோடு பரவியது. ஆரம்பத்தில் குட்டையாக வெட்டிய குத்திட்ட முடிதான், அண்ணா பார்த்த பையனுக்கு இருந்ததுபோல.

மிட்சம்மதி | சனி, இரவு 11.02

அங்கிள், உங்கள் பதிவை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் லண்டனில் பிறந்தவள்.

இந்த இழையில் இதுவரை வந்த பெயர்களில் சூசியும் வெஸ்ட்வுட்டும் தவிர எல்லோரும் ஆண்கள். எனக்குப் பங்க் என்றால் பாலி ஸ்டைரீன்தான். அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரர். பல்லில் கம்பி போட்ட 19 வயதுப் பெண், தன் பிறந்த நாளில் ஹேஸ்டிங்ஸ் கடல்மேடையில் செக்ஸ் பிஸ்டல்ஸைப் பார்த்துவிட்டு வந்து, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து எக்ஸ்-ரே ஸ்பெக்ஸைச் சேர்த்தார். கம்பியை மறைக்கவில்லை, வாயைத் திறந்து கத்திப் பாடினார். பெரிய இடத்து உடுப்பு எதுவும் இல்லை. பிளாஸ்டிக், பளீர் நிறம், கிங்ஸ் ரோடு சந்தையில் அவரே ஒரு கடை போட்டு விற்றதும் அதே மாதிரி மலிவுச் சாமான்தான். அழகாக இரு, அடங்கி இரு என்று இரண்டு பண்பாட்டிலும் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தப் பல்கம்பி எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லித் தெரியாது. ஸ்லிட்ஸ் குழுவில் பாடகியாக ஆரி அப் சேர்ந்தபோது வயது 14.

நூலேணி கேட்டதற்கு என் பதிலும் இதுதான்: கடை பையன்களுக்கு விற்றது, ஆனால் கதவு திறந்திருந்ததால் யாரும் எதிர்பார்க்காதவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். 1978இல் தாட்சர் டிவியில், வேற்றுப் பண்பாட்டு ஆட்கள் வந்து நிறைந்துவிடுவார்களோ என்று மக்கள் பயப்படுவதாகச் சொன்னார். அடுத்த வருடம் தெற்கு லண்டன் பாகிஸ்தானியப் பையன்கள் ஒரு பங்க் குழு தொடங்கி, அந்தப் பேச்சைக் குத்திக்காட்டி ஏலியன் கல்ச்சர் என்றே பெயர் வைத்தார்கள்.

பாடகி எம்.ஐ.ஏ.வைச் சொல்லாமல் போக முடியாது. அகதியாக வந்து மிட்சம் பக்கத்து அரசுக் குடியிருப்பில் வளர்ந்த எங்கட பிள்ளை. படித்தது சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ். செக்ஸ் பிஸ்டல்ஸ் 1975 நவம்பரில் முதல் கச்சேரி வாசித்த கலைக் கல்லூரி பின்னால் அதோடுதான் இணைந்தது. அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடும் கிட்டார், குடியேறிகளைப் பற்றி க்ளாஷ் 1982இல் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. அந்தக் கிட்டாரை முதலில் கேட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது, பள்ளி பஸ்ஸில். எங்கட பெயரை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத வகுப்பே அந்தப் பாட்டைப் பாடியது.

கடைசிபெஞ்சு | ஞாயிறு, காலை 8.15

மழைக்குருவி அக்கா தையலை வெளியே வைத்ததைப் பற்றி எழுதியதிலிருந்து எனக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இசைத்தட்டுகளிலும் அதே வேலை நடந்திருக்கிறது.

பஸ்காக்ஸ் 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்று நாலு பாட்டுத் தட்டு போட்டார்கள். கம்பெனி இல்லை. சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, முதலில் 1,000 பிரதி. உறையின் பின்பக்கம் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது தடவை வாசித்துப் பதிந்தது, மேலே ஏதாவது சேர்த்துப் பதிந்தார்களா என்று எழுதியிருக்கிறது. அதே வருடம் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்ற குழு, தங்கள் முதல் தட்டுக்கு ஆன மொத்தச் செலவு 153 பவுண்டு என்று அடுத்த தட்டின் உறையில் போட்டது. சுலபம், மலிவு, போய் நீயும் செய் என்று பாட்டுக்குள்ளேயே கத்தினார்கள். 1978இல் ஸ்க்ரிட்டி பொலிட்டி ஜெராக்ஸ் எடுத்து மடித்த உறையில் ஸ்டூடியோ வாடகை, தட்டு அச்சிடும் கூலி என்று கணக்கைப் பிரித்தே எழுதியது. மார்க் பெர்ரி வங்கி குமாஸ்தா. ஸ்னிஃபின் க்ளூவை டைப் அடித்து, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, அடித்தல் திருத்தலோடு அப்படியே ஸ்டேப்ளர் போட்டு விற்றார்.

எந்தத் தொழிலும் தன் செலவுக் கணக்கை வாடிக்கையாளரிடம் காட்டாது. காட்டினால் அவன் அடுத்த நாள் போட்டிக்கு வந்துவிடுவான். இவர்கள் வரட்டும் என்றுதான் காட்டினார்கள். நூலேணி, உங்கள் கேள்விக்கு என் அளவில் பதில் இந்த 153 பவுண்டில் இருக்கிறது. ஊக்கும் கிழிசலும் யார் வேண்டுமானாலும் விற்கலாம். செய்யும் வழியை விற்பவன் சொல்லித் தரமாட்டான்.

நூலேணி | ஞாயிறு, பகல் 1.37

ஏற்றுக்கொள்கிறேன். தலைப்பில் கேட்ட கேள்வியையே தப்பாகக் கேட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. கடை ஓர் இடத்தில் நடந்தது, கலகம் வேறு இடத்தில் நடந்தது. இரண்டும் ஒரே உடுப்பைப் போட்டிருந்ததால் குழம்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 2016 நவம்பரில் மெக்லாரன், வெஸ்ட்வுட் இருவரின் மகன் ஜோ கொரே, தன்னிடமிருந்த பழைய பங்க் உடுப்புகளையும் தட்டுகளையும் தேம்ஸ் நதியில் படகில் வைத்து எரித்தார். 50 லட்சம் பவுண்டு பெறுமானம் என்று சொன்னார்கள். பங்க்கின் 40ஆம் ஆண்டை அரசு ஆதரவோடு விழாவாகக் கொண்டாடியதற்கு எதிர்ப்பு. அதைப் பார்த்தபோது சரியான செயல் என்று கைதட்டினேன். இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

மழைக்குருவி | ஞாயிறு, மாலை 4.10

எனக்கு நிச்சயம். எரித்தது தப்பு. கோபம் நியாயமாக இருக்கலாம், ஆனால் அந்தச் சட்டைகளை யாரோ உட்கார்ந்து தைத்தார்கள், யாரோ சாயம் பூசினார்கள். தையலை வெளியே காட்டிய உடுப்பு. அதைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கலாம். நெருப்பில் போட்டவுடன் அதுவும் பணக் கணக்காகவே ஆகிவிட்டது. செய்தி முழுக்க எத்தனை லட்சம் எரிந்தது என்றுதானே இருந்தது?

ஈஸ்ட்ஹாம்வாசி | ஞாயிறு, மாலை 5.25

தங்கச்சி சொல்வதுதான் சரி. அந்தப் பெடியன் பிறகு இரண்டு தடவை வந்தான். பிறகு எனக்கு ஷிப்ட் மாறிவிட்டது.

நூலேணி | ஞாயிறு, மாலை 6.02

அக்கா, கேட்கலாமா என்று தெரியவில்லை. அந்த ரிஜெக்ட் ஆன பீஸ்களை எல்லாம் என்ன செய்தார்கள்?

மழைக்குருவி | ஞாயிறு, இரவு 8.50

கழிவுத் துணியோடு மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிடுவார்கள். நான் ஒன்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். கறுப்பு, 'M' அளவு, கிழிசல் ஒரு விரல் அகலம் தள்ளிப் போனது. இத்தனை வருடம் பீரோவில் மடித்துக் கிடந்தது. இன்று எடுத்து என் மகனிடம் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கிழிசலை மட்டும் தைத்துத் தரச் சொன்னான். சிவப்பு நூல் கோத்துத் தைத்துக் கொடுத்தேன், வெளிப்பக்கமாக.